நாட்றம்பள்ளியில் இருந்த சித்தி

சித்தி எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சாட்சி வேண்டுமென்றால் என் தலையைக் கேட்கலாம். வாரம் தவறாமல் அதில் பேன் பார்த்தவள் அவள். அப்படியிருந்தும் அவள் எங்கள் வீட்டில் இல்லை என்று சர்க்கார் காகிதத்தில் எழுதிவிட்டார்கள். எட்டு வயதில் எனக்கு அது பெரிய குழப்பம்.

ஆம்பூரில் அப்பாவும் அம்மாவும் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அம்மாவின் தங்கையான சித்தி ஆஸ்பத்திரி நர்ஸ். ஆறு வயதில் தாயை இழந்தவளை அம்மாதான் வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எனக்கு எட்டு வயதான அந்த வருஷம் குவைத்தில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து சித்திக்கு வேலைக் கடிதம் வந்தது. ஈஸ்டருக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்கு. பாஸ்போர்ட் ஒன்றுதான் பாக்கி.

பாஸ்போர்ட் என்றால் ரயில் டிக்கெட் மாதிரி, ஜன்னலில் கை நீட்டினால் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். சித்தியோ மெட்ராஸுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். ஞானஸ்நான சர்டிபிகேட் போதும் என்றார்கள். கொண்டுபோனால், இப்போது அது செல்லாது, பள்ளிக்கூட சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். ஒரு அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிப் போனால், அவர் இல்லை, அவருக்கும் மேலே இருப்பவர் என்றார்கள்.

"போன மாசம் ஒரு ரூல்ஸ், இந்த மாசம் ஒரு ரூல்ஸ். ஒரே பேஜாரா இருக்குதுக்கா" என்பாள் சித்தி. அம்மா அவளுக்குச் சோறு போடுவாள். சாயங்கால ஜெபத்தில் அப்பா குவைத்தைப் பெயர் சொல்லியே ஜெபிப்பார். அம்மாவின் ஆமென் மட்டும் கொஞ்சம் தாமதமாக வரும்.

ஒரு வழியாக எல்லாக் காகிதமும் சேர்ந்தது. இனி போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனால் முடிந்தது என்றார்கள். நாங்களும் காக்கிச் சட்டையை எதிர்பார்த்துக் காத்திருந்தோம்.

ஒரு லீவு நாளில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தெருவுக்குள் வந்தார். அப்பா ஓவர்டைமுக்கும் சித்தி டியூட்டிக்கும் போயிருந்தார்கள். அடுத்த வீட்டு அத்தை பின்பக்கமாக ஓடிவந்தாள்.

"உன் தங்கச்சிய பத்திதான் கேக்கறாரு. எப்பிடிப்பட்ட பொண்ணு, எத்தினி வருஷமா தெரியும்னு. மாப்ள வூட்டு ஆளுதான். நான் நல்லா சொல்லிட்டேன், இப்ப இங்கதான் வர்றாரு."

மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்ல எங்களிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருந்தது. கல்யாணமாகாத பெண் அக்கா புருஷன் வீட்டில் இருக்கிறாள் என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆகவே யார் பெண் கேட்டு வந்தாலும், அவள் நாட்றம்பள்ளியில் பெரியப்பா வீட்டில் இருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கும் இது பாடமாகியிருந்தது.

வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் முதலில் அவர் காலைப் பார்த்தேன். எங்கள் ஊர் வழக்கம் அது, முகமெல்லாம் பிறகுதான். கணுக்காலுக்கு மேல் வரை லேஸ் கட்டிய சிவப்பு நிற போலீஸ் பூட்ஸ். காபியை வைக்கக் குனிந்த அம்மா, நிமிரக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

"தங்கச்சி உங்களோடதான இருக்காங்க?" என்று கேட்டார்.

"இல்லிங்க சார். நாட்றம்பள்ளில பெரியப்பா வூட்டோட இருக்குது. லீவுக்கு வந்து போவும், அவ்ளோதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அப்பிடியா பாப்பா?"

ஆமாம் என்றதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அந்த வீட்டில் சித்திக்குப் பிடித்த இரண்டு எருமை இருப்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

"ம்மா, அவரு போலீஸ் பூட்ஸ் போட்டுனு இருந்தாரு" என்றேன்.

"இந்த ஊர்ல பூட்ஸுக்கா பஞ்சம்? போய் படி" என்றாள் அம்மா.

இரண்டு மாதம் கழித்து, மனுதாரர் அந்த விலாசத்தில் வசிக்கவில்லை என்று கடிதம் வந்தது. சித்தி மெட்ராஸுக்கு ஓடினாள். திரும்பவும் முதலிலிருந்து மனு போட வேண்டுமாம். பழைய ஃபாரம் இனிமேல் செல்லாதாம், புது ஃபாரம் இன்னும் வரவில்லையாம். ஈஸ்டர் வந்தது, போனது. குவைத்தில் அந்த இடமும் போனது.

"நான் இந்த வூட்லதானக்கா இருக்கேன்? இல்லன்னு எப்பிடி எழுதுவாங்க?" என்று சித்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று நினைத்துச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டு அழுதாள். சித்திக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவளும் அழுதாள். எருமை விஷயத்துக்கு அடி விழுமோ என்று நான் மூலையில் ஒதுங்கி நின்றேன்.

சித்தி கடைசிவரை குவைத்துக்குப் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டாள். வெள்ளைச் சட்டை மாப்பிள்ளை என்று அந்தச் சம்பவம் எங்கள் வீட்டில் சிரிப்பாகிப் போனது. சித்தி இன்றுவரை திட்டுவது ரூல்ஸை மாற்றிக்கொண்டே இருந்தவர்களைத்தான்.

அம்மா பன்னிரண்டு வருஷம் கம்பெனி மெஷினில் ஷூவுக்கு மேல்தோல் தைத்தவள். சர்ச்சுக்குப் போகும் வழியில் முன்னால் நடக்கிறவர் காலைப் பார்த்தே அது எந்தக் கம்பெனி ஷூ என்று சொல்லிவிடுவாள். எட்டு வயதில் எனக்கே தெரிந்த அந்த பூட்ஸ் அவளுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று கேட்க வேண்டும் என்றுகூட எனக்கு அப்போது தெரியவில்லை.