மச்சான் பூட்டிய மொய்க் கணக்கு

வீட்டுக் கணக்கை எந்த ஃபார்மட்டில் சேமிக்கலாம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

சில வருடம் முன்பு கடலூரில் என் மகள் கல்யாணம். சிதம்பரத்திலிருந்து என் மச்சான், மனைவியின் தம்பி, லேப்டாப்போடு வந்து இறங்கினான். வீட்டுக் கணக்கு பார்க்க அவனே ஒரு சாஃப்ட்வேர் எழுதியிருந்தானாம். மொய்யையும் அதிலேயே ஏற்றிவிடலாம் என்றான்.

"சாதா டெக்ஸ்ட் ஃபைலா வைடா, எதுல வேணாலும் தொறக்கலாம்" என்றேன்.

"ஐய, அது மளிகைக்கடை சீட்டு மாதிரி இருக்கும் மாமா. நம்மளுது தனி ஃபார்மட்டு. வேற எவனாலயும் தொறக்க முடியாது."

பெருமையைப் பார்! பெண்ணுக்குத் தாய்மாமன், தடுக்கவும் முடியவில்லை. கவர்களைப் பிரித்தான், தொகையை ஏற்றினான், கவர்களைக் குப்பையில் போட்டான். பணம் மொத்தமாக என் கைக்கு வந்தது, ஃபைல் என் கம்ப்யூட்டருக்கு வந்தது. யார் எவ்வளவு என்று மனைவி கேட்கவேயில்லை. அதுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே!

இந்த வருடம் மனைவியின் அக்கா மகனுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். வாங்கிய மொய்க்கு மேல் கொஞ்சமாவது சேர்த்து எழுத வேண்டும், குறைந்தால் உறவு கெட்டுப்போகும். ஃபைலைத் திறந்தால் கட்டம் கட்டமாக என்னவோ குப்பை. மச்சானுக்குப் போன் போட்டேன்.

"பழைய லேப்டாப்பு பூடுச்சி மாமா, சாஃப்ட்வேரும் அதோட போச்சி. டேட்டா பத்திரமாத்தான் இருக்குது, தொறக்கத்தான் முடியாது."

சீ, இதெல்லாம் ஒரு பதிலா? எவ்வளவு எழுதினாய் என்று அக்காவிடமே கேட்கவும் முடியாது, மானம் போய்விடும்.

"அக்கா கையில என்னா இருந்திருக்கும்? ரெண்டாயிரம் எழுதியிருக்கும்" என்றாள் மனைவி. மூவாயிரத்து ஒன்று கவரில் வைத்தோம்.

மண்டபத்தில் மொய் மேசையில் அதே மச்சான், புது லேப்டாப்போடு. "இப்ப வேற ஃபார்மட்டு மாமா" என்று இளித்தான். அந்த மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

பந்திக்குப் போகும்போது, எங்கள் மொய்யை லேப்டாப்பில் பார்த்துவிட்ட அக்கா என் மனைவியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"உன் பொண்ணு கல்யாணத்துக்கு என் வளையல அடகு வச்சி இருவதாயிரம் எழுதுனேன்டி."

ஃபைல் திறக்காத கதையை மனைவி அழுதுகொண்டே சொன்னாள். அக்கா முழுதும் கேட்டார்.

"அது தொறக்கல, சரி. நீயா நெனச்சிப் பாத்தப்ப, உங்க அக்கா இவ்ளோதான் செஞ்சிருப்பான்னு தோணுச்சா?"