முன்கூட்டியே சொன்ன சாட்சி

மூன்று வருஷத்துக்கு முன்னால், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் என் வீட்டுக்காரர் பிரஸ் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை மதியம் வலது கை அதில் மாட்டிக்கொண்டது. சென்னையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையைக் காப்பாற்றப் பார்க்கிறோம், பொறுத்திருந்துதான் சொல்ல முடியும் என்றார்கள்.

மறுநாள் நாத்தனாரை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுச் சபைக்கு ஓடினேன். எங்கள் சபையில் கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சாட்சியாகச் சொல்வோம். நடந்த பிறகு சொல்வதுதான் வழக்கம். எனக்குத்தான் எதிலும் அவசரமாயிற்றே! "என் ஊட்டுக்காரர் கைய கர்த்தர் காப்பாத்திக் குடுத்துட்டாரு" என்று சொல்லிவிட்டேன். அதுதான் விசுவாசம் என்று நினைத்தேன். சபையே அல்லேலூயா சொன்னது.

செவ்வாய்க்கிழமை மணிக்கட்டோடு கையை எடுத்துவிட்டார்கள்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகும் நான் சபைப் பக்கம் போகவில்லை. வெட்கம் ஒரு பக்கம், அதைவிடக் கோபம். "உம்மை நம்பித்தானே அத்தினி பேர் முன்னால சொன்னேன், இப்டி மானத்த வாங்கிட்டீரே" என்று கர்த்தரிடமே சண்டை போட்டேன். ஜெபம் செய்ய வாயே வரவில்லை.

ஒரு ஞாயிறு காலையில் அவர் ஒற்றைக் கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்.

"இன்னாமே, கெளம்பலையா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றது?"

"கை போனது எனக்கு. நானே போறேன், உனக்கு இன்னா பேஜாரு? வந்து இந்தப் பொத்தான போடு."

போட்டேன். அவர் பின்னாலேயே போனேன்.

சபையில் யாரும் என் சாட்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பாட்டு ஆரம்பித்ததும் எனக்குத் திக்கென்றது. கைதட்டாமல் எங்களுக்குப் பாட்டே கிடையாது. ஆண்கள் பக்கத்துப் பாயின் ஓரத்தில் அவர், நடுவில் வழி, இந்தப் பக்கப் பாயின் ஓரத்தில் நான். அவர் தன் இடது கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதை வழியின் குறுக்கே என்னிடம் நீட்டினார். தட்டச் சொல்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரமானது. தட்டினேன். தாளமெல்லாம் தப்பியது. அழுதுகொண்டே கடைசிவரை தட்டினேன்.

நான் கேட்ட கையைக் கர்த்தர் தரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி இனிமேல் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அந்த இடது கை என் பக்கம் நீளும்போது, அன்றைக்குக் கோபித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்திருந்தால் இதில் தட்ட யார் இருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே என் கையை நீட்டுகிறேன்.