தொடுவாயில் கமலா வாங்கிய பேச்சு

இந்தப் பத்தியை இடது கையால் டைப் செய்கிறேன். வலது தோள் இன்னும் சொன்னபடி கேட்கவில்லை. எங்கே விழுந்தீர்கள் என்று கேட்காதீர்கள். விழுந்தது நானல்ல, கமலா. நான் பிடித்துக்கொண்டிருந்தேன்... அவ்வளவுதான்.

முதலிலிருந்தே சொல்கிறேன்.

போன சனிக்கிழமை மூன்று பேர் ஒரு வாடகை வான் பிடித்துக் கொக்கிளாய்க்குப் போனோம். கமலா, சாந்தி, நான். கிளிநொச்சியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கமலா முரசுமோட்டையில் இருக்கிறாள். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்த அவளுடைய கணவர் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். மகன்கள் இருவரும் சுவிஸில். சாந்திக்கு வவுனியாவில் தையல் கடை. சின்ன வயதில் மலையகத்திலிருந்து பெற்றோரோடு வன்னிக்கு வந்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை உங்களுக்குத் தெரியும். கிளிநொச்சியில் ஒரு வீடு, மெல்பேர்னில் ஒரு மகள், நடுவில் வட்ஸ்அப்.

ஆக, மூன்று தனிக்கட்டைகள்.

பயணம் சாந்தியின் யோசனை. "ஒரு வருசமா அவள் படலையைத் தாண்டேல்லை. எங்கையாவது கூட்டிக்கொண்டு போவம்" என்றாள். எங்கே என்று கமலாவையே கேட்டோம். யோசிக்காமல் சொன்னாள் — தொடுவாய்.

களப்பு என்கிற உப்பு ஏரி கடலோடு சேரும் வாயைத்தான் நாங்கள் தொடுவாய் என்போம். கோடையில் அதை மணல்மேடு அடைத்துக் கிடக்கும். மாரி மழையில் களப்பு நிரம்பி வழியும்போது மேடு உடையும், அல்லது மீனவர்கள் வெட்டிவிடுவார்கள். அதன் பிறகு அவ்வளவு தண்ணீரும் அந்த ஒரே வாயால் கடலுக்குப் பாயும். இந்த முறை அது உடைந்ததை யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார்கள். மணல் கரை, கேக் வெட்டுவதுபோலத் துண்டு துண்டாக விழுந்தது. நானும் பார்த்தேன், ஒரு தடவை. கமலா எத்தனை தடவை பார்த்தாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

கூட்டாகப் பயணம் போனால் தனிமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வானில் நாங்கள் அதிகம் கதைக்கவில்லை. கமலாவிடம் எதைக் கதைப்பது? வயலைப் பற்றிக் கதைத்தால் அவர் ஞாபகம் வரும். சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தாலும் வரும். அந்த ஒரு வருடமாக அவளோடு நாங்கள் ஆஸ்பத்திரி வார்ட்டில் கதைப்பதுபோலத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். குரலைத் தாழ்த்தி, எதற்கும் ஓம் போட்டு.

அவளுடைய போன் மட்டும் ஓயவில்லை. 'கவனம் அம்மா' என்று மூத்தவன். 'என்ஜோய் மாமி' என்று மருமகள், கூடவே ஒரு ரோஜாப்பூ. எல்லோருக்கும் கைகூப்பும் படத்தை அனுப்பிவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

புதுக்குடியிருப்பு தாண்டி, முல்லைத்தீவு தாண்டி, கடற்கரையோரமாகத் தெற்கே இறங்கி, கொக்கிளாய் வந்து சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வான் ஓட்டி வந்த ரவி சீற்றைச் சாய்த்துவிட்டுப் படுத்துவிட்டார்.

மணலில் நடந்து போனோம். முதலில் சத்தம் கேட்டது. பிறகுதான் தண்ணீர் தெரிந்தது — கலங்கிய, தடித்த, அவசரமான தண்ணீர். அந்தப் பக்கம் புல்மோட்டைக் கரை. இந்தப் பக்கம் இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டதுபோல நிற்கும் மணல். தண்ணீர் கடலைத் தொடும் இடத்தில் அலை முன்னே வரவும் முடியாமல் பின்னே போகவும் முடியாமல் நின்று கொதித்தது. அழகா என்று கேட்டால்... ஓம், அழகுதான். பயமாகவும் இருந்தது.

வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"அக்கா, கரை விளிம்புக்குப் போகாதேங்கோ. கீழை அரிச்சுப்போட்டுது. மேலை பாக்கத்தான் மணல்."

ஓம் என்றோம். தள்ளி உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புட்டையும் சம்பலையும் பிரித்தோம். கமலா இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள். கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று எழும்பினாள். நான் போத்தலில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதற்குள் நடந்துவிட்டாள்.

விளிம்பில் போய் நின்றாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாள்.

"கமலா, இஞ்சாலை வாவன்" என்றேன். மெதுவாகத்தான். அந்த ஆஸ்பத்திரிக் குரலில்.

மணல் விழும்போது சத்தம் கேட்காது என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. நின்றவள் நின்றபடியே கீழே இறங்கினாள். அடுத்த கணம் தலையும் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன.

எப்படி ஓடினேன், எப்படிக் குப்புற விழுந்தேன்... ஞாபகமில்லை. அவளுடைய மணிக்கட்டு என் வலது கைக்குள் இருந்தது. அவளுக்கு நெஞ்சு வரைக்கும் தண்ணீர். அவள் கால்களைக் கடல் பக்கமாகத் தண்ணீர் இழுக்கிறது. என் நெஞ்சுக்குக் கீழே இருந்த மணலும் மெல்ல மெல்ல நகர்கிறது. பின்னால் சாந்தி என் கால்கள் மேல் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். பயம் வந்தால் அவளுக்கு அவளுடைய அம்மாவின் மலையகப் பேச்சு வந்துவிடும்.

"மாரியாத்தா, காப்பாத்து தாயே... விட்றாத புள்ள, விட்றாத."

நான் பயந்தது தண்ணீருக்கு அல்ல. கமலாவின் முகத்துக்கு. அவள் கத்தவில்லை. அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, சாதாரணமாகச் சொன்னாள்.

"விடடி ராணி. நீயும் வந்திடுவாய்."

குசினியில் கழுவாத கோப்பைகளைப் பார்த்து, விடு, நான் பிறகு கழுவுறன் என்று சொல்வோமே... அதே குரல்.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"எருமை, காலை ஊண்டடி. ஒரு வருசமா உனக்காக வாயைப் பொத்திக்கொண்டு திரியிறம், நீ இஞ்சை வந்து விடடி எண்டுறாய். உனக்கென்ன விசரே? என்ரை தோள் கழருது. மூதேவி, மற்றக் கையைத் தா. தாடி எண்டுறன்."

இன்னும் சில சொற்கள் இருந்தன. எடிட்டர் போடமாட்டார்.

கமலா திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு அவளுடைய உடம்பில் ஏதோ மாறியது. தண்ணீருக்குள் கால் தேடத் தொடங்கியதை அவள் மணிக்கட்டிலேயே உணர்ந்தேன். மற்றக் கை மேலே வந்து என் சட்டையைப் பற்றியது.

அதற்குள் வலைக்காரரும் இன்னொருவரும் நைலோன் கயிற்றோடு ஓடி வந்துவிட்டார்கள். அவள் கக்கத்தால் கயிற்றைச் சுற்றி, பக்கவாட்டாக இழுத்து, மீனை ஏற்றுவதுபோல் ஏற்றினார்கள். அவளுடைய ஒரு செருப்பு கடலுக்குப் போனது. மற்றது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. "சொன்னனான்தானே அக்கா" என்றார் வலைக்காரர். தன் வாடிக் குடிசையிலிருந்து பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து தந்தார். மூன்று பேரும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

திரும்பும் வழியில், சாந்தியின் மாற்றுச் சீலையைச் சுற்றிக்கொண்டு கமலா எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தாள். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

"வேணுமெண்டே போய் நிண்டனீ?"

"இல்லையடி. கைகழுவத்தான் போனனான். தண்ணி ஓடுறதைப் பாத்தன்... வீட்டிலை எல்லாம் வைச்ச இடத்திலையே கிடக்குது. கதிரை, அவரின்ரை சேட்டு, எல்லாம். இது ஓடுது. பாத்துக்கொண்டு நிண்டிட்டன்."

சீலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"விழுந்தது தெரியாமல்தான். ஆனா நீ கையைப் பிடிச்ச பிறகும் வெளியிலை வரோணுமெண்டு அவசரம் ஒண்டும் வரேல்லை, ராணி. பொய் சொல்லேலாது."

சாந்தி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிறகு நீ பேசினாய்" என்றாள் கமலா. "அவர் போன பிறகு என்னை ஒருத்தரும் பேசேல்லை. கறிக்கு உப்புக் கூடிப்போச்சு எண்டாலும் ஒருத்தரும் சொல்லுறேல்லை. பிள்ளையள் போனிலை சுவாமிப் படத்தோடை கதைக்கிற மாதிரிக் கதைக்குதுகள். நீங்கள் ரெண்டு பேரும் அப்பிடித்தான். இண்டைக்கு எருமை எண்டு ஒருத்தி கத்த... நான் இன்னும் இஞ்சைதான் இருக்கிறன் எண்டு தெரிஞ்சுது."

வெளியே பார்த்தேன். விசுவமடு வரைக்கும் வெளியேதான் பார்த்தேன்.

முரசுமோட்டையில் கமலா இறங்கியபோது சாந்தியும் தன் பையோடு இறங்கினாள். "நான் இஞ்சை நிக்கிறன். கடை எங்கையும் ஓடாது." கமலா வேண்டாம் என்று சொல்லவில்லை. இருவரும் உள்ளே போய் லைட் போடும்வரை வானை எடுக்க வேண்டாம் என்று ரவியிடம் சொன்னேன்.

பிறகு என் வீடு. பூட்டைத் திறந்தேன். மகளிடமிருந்து மெசேஜ் வந்திருந்தது: 'ட்ரிப் எப்பிடி அம்மா?' பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். 'நல்லம்' என்று இடது கையால் அடித்து அனுப்பினேன். அவள் ஒரு பெருவிரலை அனுப்பினாள். அவ்வளவுதான், அன்றைய நாளின் மொத்தக் கதை. தோளுக்கு எண்ணெய் தேய்க்கப் பார்த்தேன். உங்கள் தோளுக்கு நீங்களே எண்ணெய் தேய்த்துப் பார்த்திருக்கிறீர்களா? கை எட்டாத ஓர் இடம் இருக்கிறது. சரியாக அங்கேதான் வலிக்கும்.

மறுநாள் சாந்திக்குப் போன் கோல் எடுத்தேன். பின்னணியில் கமலாவின் குரல் — முருங்கைக்காயை இவ்வளவு பெரிதாகவா வெட்டுவது, வவுனியாவில் கத்தி இல்லையா என்று. "காலமையிலயிருந்து இதுதான்" என்றாள் சாந்தி. குரலில் ஒரு சலிப்பும் இல்லை. அவள் இன்னும் அங்கேதான் நிற்கிறாள்.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நீங்கள் பேசுவதை நாங்கள் கதைப்பது என்போம். எங்களுக்குப் பேசுவது என்றால் திட்டுவது. கதைக்க எத்தனையோ பேர் கிடைப்பார்கள். பக்கத்து வீடு, பஸ், வட்ஸ்அப் குறூப். பேசுவதற்குத்தான் ஆள் கிடைக்காது. நம்மேல் உரிமை இருக்கிறவர்கள் மட்டும்தான் நம்மைப் பேசுவார்கள். அவர்கள் ஒவ்வொருவராகப் போனபின் மிஞ்சுவது மரியாதை. தனியாக இருப்பவர்களுக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது.

மகளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் இந்தப் பத்தியை வாசிக்கிறவள். இதையும் வாசிப்பாள்.

பிள்ளை, கோல் எடுத்தால் கதைக்காதே. பேசு.