அண்ணையின் இரண்டு வைத்தியர்கள்

ஜெர்மனியிலிருந்து மானிப்பாயில் அண்ணை வீட்டில் வந்து இறங்கிய மறுநாள் காலை ஒரு வினோதம் கண்டேன். அண்ணை எல்லார் முன்னாலும் இரண்டு குளிசைகளை விழுங்கினார். பிறகு குசினிக் கதவை மெல்லச் சாத்திவிட்டு ஒரு போத்தலைத் திறந்து அரைப் பேணி கசாயம் குடித்தார். சொந்த வீட்டில் இதென்ன கள்ளத்தனம் என்று கேட்டேன். குளிசை, இருதய வால்வு மாற்றிய பிறகு இரத்தம் கட்டிபடாமலிருக்க ஆஸ்பத்திரியில் தருவது. கசாயம், முழங்கால் நோவுக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சித்த வைத்தியர் அம்மா புதிதாகத் தருவது. டொக்டருக்குக் கசாயம் தெரியாது. வைத்தியருக்குக் குளிசை தெரியாது. அண்ணிக்கு மட்டும் இரண்டும் தெரியும்.

“ரெண்டு பேரும் நல்ல சனம். அவையளை ஏன் மனவருத்தப்படுத்த வேணும்?” என்றார் அண்ணை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெர்மனிக்குப் போன முதல் குளிர்காலம், இருமலோடு டொக்டரிடம் போனேன். ஒரு ஊசியாவது போடுவார் என்று நம்பிப் போனவனுக்கு அவர் ஏதோ இலையில் தேத்தண்ணி போட்டுக் குடிக்க எழுதித் தந்தார். அகதிக்கு இவ்வளவுதான் என்று நினைத்து, எனக்கு இங்கிலிஸ் மருந்துதான் வேண்டும் என்று அரைகுறை டொச் பாசையில் கேட்டேன். ஜெர்மன் மருந்துக்கு என்ன குறை என்று அவர் ரோசப்பட்டார். பிறகு பார்த்தால் அங்கே அப்போதெக்க என்னும் மருந்துக்கடையில் குளிசையும் இலையும் ஒரே தட்டில் இருக்கின்றன. எதை விழுங்கினாலும் டொக்டரிடம் சொல்லிவிடுவதும் அங்கே எனக்குப் பழகிப்போயிற்று.

நான் வந்த இரண்டாம் வாரம் அண்ணைக்குப் பல் தீட்டும்போது வந்த இரத்தம் நிற்கவில்லை. கையெல்லாம் நீலக் கண்டல். கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். இரத்தச் சோதனையைப் பார்த்ததும் அங்கிருந்த இளம் பெண் டொக்டரின் முகம் மாறியது. இரத்தம் அளவுக்கு மிஞ்சி இளகியிருக்கிறது, தலைக்குள் கசிந்தால் ஆள் தப்பாது என்றார். வேறு ஏதும் மருந்து எடுக்கிறாரா என்று கேட்டார். அண்ணை இல்லை என்றார். அண்ணியும் இல்லை என்றார். பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒருவர்கூட இல்லை என்று தலையாட்டினார். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு அதுதான் பதில்.

எனக்கென்று மிஞ்சியிருப்பது ஒரே அண்ணை. மத்தியானக் கசாயம் அண்ணியின் பைக்குள் இருந்தது. எடுத்து டொக்டரின் மேசையில் வைத்தேன். அண்ணை மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டொக்டர் ஏசவில்லை. தொலைபேசி இலக்கத்தை வாங்கி அந்த இடத்திலேயே சித்த வைத்தியருக்கு அழைப்பெடுத்தார். வைத்தியர் அம்மா பதறியது எங்களுக்கே கேட்டது. இங்கிலிஸ் மருந்தை விட்டு ஒரு வருடம் என்று அண்ணை அவரிடம் அடித்துச் சொல்லியிருந்தாராம். இவ்வளவு நாளும் இரண்டு பேரும் இல்லாத ஒரு மனிதனுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். கசாயத்தை அன்றோடு நிறுத்துவது, முழங்காலுக்குப் பூச்செண்ணெய் மட்டும், அதில் என்னென்ன சேர்கிறது என்று வைத்தியர் எழுதி அனுப்புவது என்று பேசி முடித்தார்கள். அண்ணையை நாலு நாள் வார்ட்டில் மறித்தார்கள்.

அந்த நாலு நாளும் அண்ணை என்னோடு கதைக்கவில்லை. இரத்தம் சரிவந்து வீடு திரும்பும்போது, ஓட்டோவில் வைத்துத்தான் வாய் திறந்தார்.

“நீ இஞ்சையே இருந்திருந்தா அந்தப் போத்திலை எடுத்து வைச்சிருக்க மாட்டாய், தம்பி. நீயும் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பாய்.”

“ஓம் அண்ணை.”

நன்றி சொல்கிறாரா, என்னை வெளியாள் ஆக்குகிறாரா என்று தெரியவில்லை. ஆள் உயிரோடு பக்கத்தில் இருந்ததில் எனக்குச் சந்தோசம். அந்தச் சொல் கொஞ்சம் சுட்டதும் உண்மை.

நான் பயணம் புறப்படும் நாள், அண்ணை அதே வைத்தியரிடம் இடுப்பை நிமிர்த்த விடாத என் நாரிப்பிடிப்புக்குச் சூரணம் வாங்கிவந்து என் பெட்டிக்குள் திணித்தார். நான் எடுக்கும் பிரஷர் குளிசையைப் பற்றி வைத்தியரிடம் சொன்னாரா என்று கேட்டேன். சிரித்தார்.

“உன்ரை டொச் டொக்டரிட்டை உந்தச் சூரணத்தைப் பற்றி மூச்சும் விடாதை.”

அண்ணை கேட்டால் மறுத்துப் பழக்கமில்லை. ஓம் என்றேன்.

இதை என் ஜெர்மன் டொக்டரின் காத்திருப்பு அறையில் இருந்து எழுதுகிறேன். சூரணப் பொட்டலம் சட்டைப்பையில் இருக்கிறது. எனக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். என் பெயரைக் கூப்பிட்டதும் இந்தக் கதிரையிலிருந்து எழும்பப் போவது மூச்சு விடாத அண்ணையின் தம்பியா, போத்தலை எடுத்து மேசையில் வைத்த அந்த வெளியாளா என்று எனக்கே தெரியவில்லை.