பழைய படத்தில் அவன் குதிக்கவில்லை

ஒரு ஜப்பான் கார்ட்டூன் படத்துக்காக என் அண்ணன் படகை விட்டு இறங்கிவிட்டான் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். முதலில் நானே நம்பவில்லை.

என் கணவர் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர். அவர் கடலுக்குள் இருக்கும்போது படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று போகும். இடுப்பில் ஒரு கயிறு இருக்கும்; கீழிருந்து அதை ஆட்டினால் மேலே இருப்பவன் இழுத்துத் தூக்கவேண்டும். அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்கவேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். தங்கை விதவையாவதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான், அதனால் அவன் கவனம் பிசகாது என்பார்கள். கல்யாணம் முடிந்த கையோடு என் அண்ணன் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். அதற்கு முன்பே அவர்கள் இருவரும் ஒரே வகுப்பில் படித்த கூட்டாளிகள்.

அந்தப் படம் எங்கள் மூவருக்கும் சின்ன வயதுப் பைத்தியம். பள்ளி விடுமுறையில் உள்ளூர் கேபிளில் தமிழ்க் குரலோடு திரும்பத் திரும்பப் போடுவார்கள். முத்துக் குளிக்கிற ஒரு தீவு, இரண்டு நண்பர்கள். ஒருவன் இறங்குவான், மற்றவன் கயிறு பிடிப்பான். கடைசியில் கயிறு அசையாமல் போகும். மேலே இருப்பவன் குதிக்கமாட்டான், இழுப்பான். இழுத்துக்கொண்டே இருப்பான். வெறும் கயிறு மேலே வரும். அந்த இடத்தில் இசைகூட இருக்காது. நானும் அண்ணனும் ஒவ்வொரு முறையும் அழுவோம். எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கிற என் கணவர் மட்டும், சரியாக அந்தக் காட்சியில் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

அதையே இப்போது புதிதாக எடுத்து வெளியிட்டார்கள். என் கணவர் ஒருநாள் கடலுக்குப் போகாமல் எங்கள் எல்லோரையும் மதியக் காட்சிக்கு அழைத்துப் போனார். என் மகளுக்கு ஐந்து வயது. சத்தத்தில் காது வலிக்குமோ, பயந்துவிடுவாளோ என்று எனக்குப் பாதிப் படம் அவள் முகத்திலேயே போனது. அவள் பயப்படவில்லை. புதிய படத்தில் கயிறு பிடிக்கிறவன் கடலில் குதித்து நண்பனைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவள் எழுந்து நின்று கை தட்டினாள்.

வெளியே வந்து பரோட்டாக் கடையில் உட்கார்ந்ததுமே அவர்கள் தொடங்கிவிட்டார்கள்.

"கடலப் பாத்தியா மாப்ள? டியூப்லைட்டு போட்டு வச்ச மாதிரி. உள்ள அப்படியாலே இருக்கும்?" என்றான் அண்ணன்.

"அதுக்காவ பழசு மாதிரி சாம்பார் கலர்ல காட்டணுமா மச்சான்? அதுல கெழவிக்கும் கொழந்தைக்கும் ஒரே பொம்பளதான் பேசுவா."

"அதுதாம்ல அழகு. இதுல வாயத் தொறந்தா பாட்டு."

"நீ பழசக் கட்டிக்கிட்டு அழு."

"படத்த அங்கனயே பேசி முடிச்சிருக்கலாம்லா. பரோட்டா ஆறுது," என்றார் கடைக்கார அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தோம். அதோடு விட்டிருக்கலாம்.

அண்ணன் விடவில்லை. "எல்லாம் போவட்டும். கயிறு பிடிக்கவன் எப்படிலே குதிப்பான்? அவன் குதிச்சா மேல இழுக்கதுக்கு யாரு இருக்கா? ரெண்டு பேரும்லா போவானுவ. படம் எடுத்தவன் ஒருநாளாவது படகுல ஏறியிருப்பானா?"

"குதிக்கவன்தான் ஆம்பள மச்சான். பழசுல உள்ளவன் உக்காந்து அழுதான்."

"அவன் அழல. இழுத்தான்."

"வெறுங்கயிறத்தான இழுத்தான்? அப்ப நான் கீழ மாட்டிக்கிட்டா நீயும் மேலயே இருந்து ஒப்பாரி வைப்ப, அப்படித்தான?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அண்ணனின் கை சால்னாவிலேயே நின்றுவிட்டது. அவன் என்னைப் பார்த்தான்.

"நீ சொல்லு ஏளா. எது சரி?"

அண்ணன் சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரியும். புதிய படத்தில் அவன் குதித்த நொடியே, கயிறு படகின் விளிம்பில் ஆளில்லாமல் வழுக்கிப்போவதைத்தான் நான் பார்த்தேன். ஆனால் மடியில் மகள் இருந்தாள். "ரெண்டு பேரும் பொழச்சிட்டாங்கல்லாம்மா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எதிரே கணவர், ஒருநாள் பிழைப்பை விட்டு எங்களைக் கூட்டிவந்த சந்தோஷத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் நாலு பேர் முன்னால் அவரை விட்டுக்கொடுப்பதா என்று யோசித்தேன்.

"எனக்கும் புதுசுதாண்ணே பிடிச்சிருக்கு," என்றேன்.

அண்ணன் எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் விடியற்காலை படகுக்கு வரவில்லை. "குதிக்கிற ஆளாப் பாத்துக் கூட்டிட்டுப் போவட்டும்" என்று அம்மாவிடம் சொல்லியனுப்பினான். அடுத்த வாரம் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் வேலைக்குப் போகத் தொடங்கினான்.

என் கணவர் வேறோர் ஆளைச் சேர்த்துக்கொண்டார். நல்ல மனிதர், குடிக்கமாட்டார். இருந்தாலும் அவருக்கு நான் யார்? மதியம் படகு திரும்பும்வரை எனக்கு எந்த வேலையும் ஓடாது. அடுப்பை அணைத்தேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். 'பழசும் நல்லாத்தான் இருந்துச்சு' என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். 'படந்தான, விடுங்க' என்று சிரித்திருக்கலாம். இப்படி அந்தக் கடை மேசையில் நான் சொல்லாமல் விட்ட பதில்களை எல்லாம் இங்கே அடுப்படியில் சொல்லிப்பார்ப்பேன்.

ஒருநாள் சாப்பிடும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "மச்சானா இருந்தா நான் கயிற ஆட்டுமுன்னே அங்கன இருந்து பதில் வரும். இவருக்குக் கொஞ்சம் நேரம் ஆவுது." நான் என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பழைய படத்தைப் போனில் தேடிப்பிடித்து மகளுக்குக் காட்டினேன். அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஏன்மா இவன் குதிக்கல?" என்றாள். இழுத்து இழுத்து அவன் உள்ளங்கை கிழிந்திருந்ததைக் காட்டினேன். பின்னால் கணவர் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெறும் கயிறு வருகிற இடத்தில் தண்ணீர் குடிக்கப் போனார். நானும் பின்னாலேயே போனேன். செம்பைக் கீழே வைக்காமல், "மச்சான்ட்ட நீ பேசிப் பாரேன்," என்றார்.

மறுநாள் அண்ணனைப் பார்க்க அம்மா வீட்டுக்குப் போனேன். வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"அவங்க உன்னத் தேடுதாங்கண்ணே."

"தேடுதவன் வரவேண்டியதுதான?"

"உனக்கு அவங்களத் தெரியாதா?"

எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பிறகு சொன்னான்: "நாளைக்கு வாரேன். ஆனா ஒண்ணு. கீழ என்ன ஆனாலும் நான் குதிக்க மாட்டேன். இழுக்கத்தான் செய்வேன். பெறவு என்னைச் சொல்லக் கூடாது. உனக்குச் சம்மதமா ஏளா?"

அதைத்தான் அன்று கடையிலும் கேட்டான். இந்தமுறை முன்னால் யாரும் இல்லை. சம்மதம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் என் கண்ணுக்குள் வெறும் கயிறுதான் மேலே வந்தது.

"சாப்பிட்டியாண்ணே?" என்றேன்.

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

சொன்னபடி வந்தான். இப்போதும் அவன்தான் கயிறு பிடிக்கிறான். காற்று, நீரோட்டம், அன்றைக்குக் கிடைத்த சங்கு என்று இருவரும் அளவாகப் பேசிக்கொள்கிறார்கள். எந்தப் படத்தைப் பற்றியும் பேசுவதில்லை. மகள் மட்டும் மாமாவைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்க குதிப்பீங்களா மாமா?" என்று கேட்கிறாள். அவன் என் பக்கம் பார்க்கிறான். நான் அவளைத் தண்ணீர் எடுத்துவர உள்ளே அனுப்பிவிடுகிறேன்.