இரண்டாவது லைன்

மணியக்கா என்றால் அந்தப் பகுதியில் தெரியாதவர்கள் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் போய் வெகுகாலமாகிறது. வீட்டின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அதோடு சேர்ந்த ஒரு மணி. தனியாக இருக்கும் வயதானவர்கள் ஆளுக்கொரு பொத்தானைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். வழுக்கி விழுந்தாலோ நெஞ்சை அடைத்தாலோ அதை அழுத்தினால் போதும், அவர்கள் வீட்டிலுள்ள பெட்டி இணையம் வழியாகச் சேதி அனுப்பி, இங்கே மணி அடிக்கும். மணியக்கா அடுத்த வீட்டுக்காரரையோ ஆம்புலன்ஸையோ அனுப்பிவைப்பாள். இதுதான் அவளுடைய பிழைப்பு.

அதற்கு முன்னால் அவள் ஒரு மருத்துவமனையில் போன் எடுக்கும் வேலையில் இருந்தாள். நிர்வாகம் அவளுடைய நாற்காலியில் ஒரு இயந்திரக் குரலை உட்கார வைத்தது. "ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு அது சொல்லி முடிக்கிறதுக்குள்ள நோயாளி போய்ச் சேர்ந்துடுவான்" என்று மேலாளரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தவள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு ஓடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

தொழிலுக்கு அவள் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் எல்லோரும் பொத்தானை ஒருமுறை அழுத்திவிட வேண்டும். அதற்கு 'ஆஜர்' என்று பெயர். முதல் ஆஜர் எப்போதும் இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கும் அவளுடைய கூடப்பிறந்த பெரியக்காவுடையது. தொழில் தொடங்கியபோது சோதித்துப் பார்க்க முதல் பொத்தானை மாட்டிக்கொண்டவளும் பெரியக்காதான். ஆஜர் போட்டதோடு சரி, பகலில் அதன் பக்கம் கையே போகாது. "நிஜமா வேணுங்கறவங்க அமுக்கட்டும்டி, நான் வேற நடுவுல எதுக்கு" என்பாள்.

இதற்கு நேர் எதிர், பழைய தையல்காரர். கண்ணாடி காணோம் என்று அழுத்துவார், குழாய் சொட்டுகிறது என்று அழுத்துவார், சும்மா பேச ஆளில்லை என்றும் அழுத்துவார். "இவர் உயிர் போற நேரத்துலகூட முதல்ல ஊர்க்கதை பேசிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்" என்று மணியக்கா அலுத்துக்கொள்வாள்.

இணைய லைனைப் பற்றிதான் அவளுக்கு எப்போதும் பயம். மழை தூறினாலே மயங்கி விழுகிற லைன் அது. கம்பெனிக்குப் போன் செய்தால் கிணற்றில் போட்ட கல். அது விழுந்த நேரத்தில் யாராவது அழுத்தி, மணி அடிக்காமல் போனால்? ஒரே ஒருமுறை அப்படி நடந்தால் போதும், கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் வேறொரு கம்பெனியின் லைனையும் வாங்கினாள். அது பின்தெரு வழியாக வந்தது. எலக்ட்ரீஷியனான அவள் வீட்டுக்காரர், ஒன்று செத்தால் மற்றொன்று தானாகவே எடுத்துக்கொள்ளும்படி இணைத்துக் கொடுத்தார். பேட்டரியும் வைத்தார். வந்தவர் போனவரிடமெல்லாம் அவள் அதைக் காட்டிப் பெருமைப்பட்டாள்.

கெட்டிக்காரிதான். ஆனால் வாடிக்கையாளர் வீடுகளில் எல்லாம் பழைய கம்பெனியின் லைன் ஒன்றுதான் இருந்தது. அதையே போடச் சொன்னதும் அவள்தான். "எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரி பெட்டி இருந்தா கண்ணைக் கட்டிவிட்டாலும் சரி பண்ணிடுவேன்" என்று வீட்டுக்காரர் சொன்னார், அவளும் தலையாட்டினாள். தன் வாசலுக்கு இரண்டு பாதை போட்டவர்கள், அவர்களுடைய வாசலுக்கு ஒன்றுதானே இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை. இரண்டு பேரும் சேர்ந்து செய்த புத்திசாலித்தனம் இது.

அன்று காலை எல்லா ஆஜரும் வந்து முடிந்தபிறகு முதல் லைனின் விளக்கு அணைந்தது. கண்ணிமைப்பதற்குள் இரண்டாவது லைன் எடுத்துக்கொண்டது. அவள் பக்கத்து லைனை மட்டுமே காட்டும் திரையில் எல்லாம் பச்சை. மணியக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குப் போயிருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "ஏங்க, மாறிடுச்சுங்க. ஒரு நிமிஷம்கூட நிக்கல" என்றாள். குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய இயந்திரம் தெருமுனையில் பழைய கம்பெனியின் தடிமனான கேபிளையே அறுத்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாது.

மணி அடிக்கவில்லை என்றால் எல்லோரும் சௌக்கியம் என்று அர்த்தம். அவளே அடிக்கடி சொல்வது. அந்தச் சௌக்கியத்தில் துணி மடித்தாள், நகம் வெட்டிக்கொண்டாள். மதியம் நெருங்கும்போதுதான் உறைத்தது, தையல்காரர் இன்னும் ஒருமுறைகூட அழுத்தவில்லை. அவருக்குப் போன் செய்தாள்.

"ஏம்மா, காலையிலேருந்து கட்டைவிரல் தேயற அளவுக்கு அமுக்கறேன். கோவமா என் மேல?" என்றார் அவர்.

மணியக்கா உடனே கம்பெனியைக் கூப்பிட்டாள். "உங்க லைன்ல மட்டுமில்ல மேடம், ஏரியா பூராவும் கட். சாயங்காலம் ஆகும்" என்று ஒரு பையன் கொட்டாவியோடு சொன்னான்.

ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். பாதிப்பேர் எடுத்தார்கள். எடுக்காதவர்களை நேரில் பார்த்தே ஆகவேண்டும். அவள் போன் செய்ததும் போட்டது போட்டபடி வந்த வீட்டுக்காரர் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தாமலே கேட்டார்.

"உங்க அக்கா எடுத்தாங்களா?"

"இல்லை."

"அப்ப நான் முதல்ல அங்க ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்."

"அவ என்னைக்குங்க போன் எடுத்திருக்கா? அடுப்படியில சார்ஜ்ல போட்டுட்டு மறந்துடுவா. அவ நம்ம ஆளு, ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. நீங்க முதல்ல மேற்குத் தெரு வாத்தியாரைப் பாருங்க. அவரு வாயில விழுந்தோம்னா நம்ம பேரே போச்சு. நான் பேங்க் மேனேஜர் வீட்டுக்குப் போறேன்."

அவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு மேற்குத் தெருவுக்கும் அதைத் தாண்டிய வீடுகளுக்குமாக வண்டியைத் திருப்பினார்.

பேங்க் மேனேஜர் ஓய்வுபெற்றவர், அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர். அவர் தலையசைத்தால் குடியிருப்பு முழுவதும் மணியக்காவின் பொத்தானை மாட்டிக்கொள்ளும். முகம் சுளித்தால் இருப்பவர்களும் கழற்றிவிடுவார்கள். அவர் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப, நான் செத்துக் கிடந்திருந்தா?"

"அதுக்குத்தான் சார் ஓடி வந்தேன்."

"இனிமே இப்படி ஆகாதுன்னு என்ன நிச்சயம்?"

மணியக்கா உட்கார்ந்து விளக்கினாள். எல்லா வீட்டுப் பெட்டியிலும் ஒரு சிம் கார்டு போட்டுவிடுவோம், லைன் போனாலும் மொபைல் வழியாக மணி அடிக்கும் என்றாள். ஓடிவரும் வழியில் தோன்றிய யோசனைதான், நல்ல யோசனையும்கூட. ஒரு வருடம் முன்னால் தோன்றியிருக்கலாம். மேனேஜர் குறுக்குக்கேள்வி கேட்டார், அவள் பதில் சொன்னாள். அவருடைய முகம் மெல்லத் தெளிந்தது. டீ கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்று எழுந்தால் மரியாதையாக இருக்காது. அவள் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தபோது தொழில் பிழைத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அதற்குப் பிறகும் மூன்று வீடுகள் ஏறி இறங்கினாள். எல்லோரும் நன்றாகத்தான் இருந்தார்கள். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், ஒருவருக்குக் காது கேட்கவில்லை, ஒருவர் கதவைத் திறந்து "எதுக்கும்மா இப்படி வேர்த்து விறுவிறுத்து வர்றே?" என்று சிரித்தார்.

கடைசியாகத்தான் அக்காவின் வீடு. மாற்றுச் சாவி அவளிடம் இருந்தது. பெரியக்கா குளியலறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒருக்களித்துக் கிடந்தாள். தலைக்கடியில் ரத்தம் உறைந்திருந்தது. பொத்தான் கைக்குள் இருந்தது. மூச்சு இருந்தது, பேச்சு இல்லை. மணியக்கா அவளை மடியில் போட்டுக்கொண்டு, "அக்கா, நான் வந்துட்டேன்க்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அது அக்காவின் காதில் விழுந்ததோ என்னவோ.

சாயங்காலத்துக்கு முன்பே மருத்துவமனையில் உயிர் போய்விட்டது. தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அவர் குற்றம் சொல்லவில்லை, தன் வேலையைச் செய்தார். உடலுக்குக் காத்திருந்த வராந்தாவில் மணியக்காவின் போன் அடித்தது. பேங்க் மேனேஜர். "எங்க சங்கத்துல எல்லாரும் சரின்னுட்டாங்கம்மா. கஷ்டம்னு வந்தப்ப வீடு வீடா வந்து பாத்தீங்களே, அந்தப் பொறுப்பு யாருக்கு வரும்?" அவள் "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

உடலை மறுநாள் காலையில்தான் தருவார்கள் என்றதால் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வீட்டுக்காரர் தண்ணீர் மொண்டு கொடுத்தார், அவள் வாங்கவில்லை. அப்போதுதான் முதல் லைனின் விளக்கு எரிந்தது. கேபிளை ஒட்டிவிட்டார்கள் போல.

மணி அடிக்கத் தொடங்கியது.

லைன் செத்திருக்கும்போது அழுத்தியதை வீட்டுப் பெட்டிகள் மறப்பதில்லை. சேர்த்து வைத்திருந்து, உயிர் வந்ததும் ஒவ்வொன்றாக அனுப்பும். முதலில் தையல்காரர். அழைப்பு நிற்க வேண்டுமென்றால் திரையில் 'கவனித்தாயிற்று' என்பதைத் தொட வேண்டும். மணியக்கா பழக்கத்தில் எழுந்துபோய் அவருடையதை எல்லாம் தொட்டுத் தொட்டு முடித்தாள். அதற்கு அடுத்து வந்தது பெரியக்காவின் பெயர். ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரை நிறைய அந்தப் பெயர்தான். பகலில் ஒருநாளும் அழுத்தாதவள் அன்று விடாமல் அழுத்தியிருக்கிறாள்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அழுத்திய நேரம் இருந்தது. மணியக்கா குனிந்து கடைசி வரியைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் பேங்க் மேனேஜர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். முதலில் அங்கே போகிறேன் என்று சொன்னதை அவர் நினைவுபடுத்தவில்லை, இனி எப்போதும் நினைவுபடுத்தவும் மாட்டார். "தொட்டு நிறுத்தும்மா. கேக்க முடியல" என்றார்.

அவள் கையை நீட்டினாள். விரல் திரைக்கு முன்னால் நின்றுவிட்டது.

"எப்படிங்க தொடறது?" என்றாள். "நான் கவனிக்கலையே."