ஆறிய சோறும் காலைக் குளிசையும்

1. லெட்சுமி சொன்னது

வெள்ளவத்தையில் ஒரு தனியார் கிளினிக்கில் இருபத்தாறு வருடம் உணவு ஆலோசகராக இருந்தேன். சீனி வருத்தக்காரர்கள், அதாவது நீரிழிவு உள்ளவர்கள், எதைச் சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்வதுதான் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை லெட்சுமி என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அவளுடைய கணவர் ராமையா என்னிடம் வந்துபோய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வான் அவருடையது. பிள்ளைகளை ஏற்றி இறக்க லெட்சுமியும் கூடவே வருவாள்.

"மிஸ், ஒங்ககூட சண்ட போட வரல," என்றாள். "நேத்து நடந்தத நீங்க தெரிஞ்சுக்கணும். அடுத்த ஆளுக்கு இதையே சொல்லுறதுக்கு முந்தி தெரிஞ்சுக்கணும்."

பிறகு நின்றபடியே சொன்னாள். பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது ராமையாவின் சட்டை முழுதும் வியர்த்து நனைந்திருக்கிறது. ஏதோ கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்லியிருக்கிறார். வான் மெல்ல இடப்பக்கம் இழுபட்டிருக்கிறது. பின்னால் பதினொரு பிள்ளைகள். லெட்சுமி பிரேக்கை மிதிக்கச் சொல்லிக் கத்த, அவர் ஒருவாறு மிதித்திருக்கிறார். அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி, எதிரே இருந்த கடைக்காரரிடம் "மல்லி, சீனி தென்ன" என்று சிங்களத்தில் தம்பியென அழைத்துச் சீனி கேட்டு வாங்கி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்திருக்கிறாள். சீனி இறங்கிப்போனால் இப்படிச் செய்யும்படி, வருத்தம் பிடிபட்ட காலத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு ஞாபகம் இருந்தது. கால்மணி நேரத்தில் ராமையா தெளிந்துவிட்டார். பிள்ளைகளை அடையாளம் தெரிந்த இன்னொரு வானில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள்.

அன்று காலை அவர் என்ன சாப்பிட்டார், என்ன குளிசை போட்டார் என்று கேட்டேன்.

2. நான் கேட்காமல் விட்டது

அந்த நாட்களில் நான் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் என்ற விஷயத்தில் மூழ்கிப்போயிருந்தேன். ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்வந்த சூடு. சோற்றைச் சமைத்துக் குளிரவைத்தால் அதிலுள்ள மாப்பொருளில் ஒரு பங்கு குடலில் எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது. திரும்பச் சூடாக்கினாலும் அது முழுதாகப் பழைய நிலைக்குப் போவதில்லை. கௌபி என்னும் தட்டைப்பயறு, கடலை, வாழைக்காய் ஆகியவற்றிலும் இந்த வகை உண்டு. சாப்பிட்டபின் சீனி ஏறும் வேகம் சிலருக்குக் கொஞ்சம் குறையும். அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை நான் போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை. சோற்றை விட முடியாத மனிதர்களிடம் சோறு சாப்பிடுங்கள் என்று சொல்லக் கிடைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

ராமையாவிடமும் அப்படித்தான் சொன்னேன். காலையில் மூன்று ரொட்டிக்குப் பதிலாக, முதல்நாள் குளிரவைத்த சிவப்பரிசிச் சோறு, பருப்போடு. அளவைக் குறையுங்கள். அவ்வளவுதான். சொன்னதை அப்படியே கேட்கிற மனிதர் அவர். குறைத்தால் நல்லது என்றால் இன்னும் குறைத்தால் இன்னும் நல்லது என்று நினைத்து, திங்கட்கிழமை இரண்டு கரண்டிச் சோற்றோடு எழுந்துவிட்டார். சீனிக்குப் போடும் குளிசையை மட்டும் வழக்கம்போல முழுதாகப் போட்டிருக்கிறார்.

அது என்ன குளிசை என்று நான் கேட்கவே இல்லை. மருந்து டொக்டருடைய பக்கம், சாப்பாடு என்னுடைய பக்கம் என்று வைத்திருந்தேன். அவர் போட்டது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சீனியை இறக்கும் வகை.

3. அதன் பிறகு

லெட்சுமியைக் கூட்டிக்கொண்டு நேரே டொக்டரின் அறைக்குப் போனேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நடந்ததையும் என் பிழையையும் அவள் முன்னாலேயே சொன்னேன். அவர் ஏசவில்லை. ராமையாவின் ஃபைலை எடுத்துப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டை மாத்திறீங்க எண்டா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. சோத்தைக் குறைச்சால் குளிசையையும் பாக்கவேணும்," என்றார். அன்று பகலே ராமையாவை வரவழைத்து மருந்தை மாற்றினார். சீனி அளவு நிலைக்கு வரும்வரை வான் ஓட வேண்டாம் என்றும் சொன்னார். இரண்டு வாரம் லெட்சுமியின் தம்பி வானை ஓட்டினார்.

அந்த இரண்டு வாரமும் அவர்கள் இருவரும் என்னிடம் வந்தார்கள். இந்த முறை நான் கேட்டேன், அவர்கள் சொன்னார்கள். எத்தனை மணிக்கு எழும்புகிறார், எப்போது குளிசை, எப்போது முதல் வாய்ச் சோறு, வீட்டில் ஃப்ரிஜ் இருக்கிறதா. சோற்றை மேசையில் விட்டு ஆறவைக்கிற பழக்கம் இருந்தது. கொழும்பு வெக்கையில் அது வயிற்றைக் கெடுக்கும், ஆவி அடங்கியதும் ஃப்ரிஜில் வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்கச் சூடாக்குங்கள் என்றேன். ஒரு கோப்பை சோறு, அரைக் கோப்பை கௌபி, ஒரு கீரை. ஒருநாளும் சாப்பிடாமல் வானில் ஏறுவதில்லை. ஏறுமுன் விரலில் குத்திச் சீனி பார்ப்பது. டேஷ்போர்டில் குளுக்கோஸ் பாக்கெட்.

சீனியின் மூன்று மாதச் சராசரி காட்டும் ரிப்போர்ட் வந்தபோது டொக்டரே என் அறைக்குக் கொண்டுவந்து காட்டினார். நன்றாக இறங்கியிருந்தது. அது ஆறிய சோற்றின் வேலை மட்டும் அல்ல. மருந்து, அளவு, நேரம், எல்லாவற்றுக்கும் மேலாக லெட்சுமியின் கண். ராமையா இன்றைக்கும் வான் ஓடுகிறார்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். உணவைப் பற்றி வாய் திறக்குமுன் குளிசையின் பெயரைக் கேளுங்கள், அதைப் போடும் நேரத்தையும் கேளுங்கள். நம் ஆலோசனை பிழையாகிப்போன ஆட்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. வேறு கிளினிக்குக்குப் போய்விடுவார்கள், நாமும் எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு அதே பிழையை அடுத்தவருக்குச் செய்வோம். லெட்சுமிக்கு என்னை ஏசிவிட்டுப் போக எல்லா நியாயமும் இருந்தது. அவளோ, பார்த்தே இராத அடுத்த நோயாளிக்காக என்னிடம் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு என் அறைக்கு வந்த ஒவ்வொருவரும் அவளுக்குக் கடன்பட்டவர்கள். அவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.